ஆறு பிராணிகளின் அணி

யானை, தேர், குதிரை, காலாள் எனப் படையை நான்காக வகுத்தனர் பண்டையோர். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்தல் வேண்டும் என்பதே அவ்வகுப்பின் கருத்து. இவ்வுண்மையை அண்மைக் காலத்துச் சிறுவர் பலர் போர் நூல்களிற் கற்றாரல்லர். கையிலடங்கும் மின் விளையாட்டுக் கருவியொன்றிற் கற்றனர். போக்கிமொன் என்பது அவ்விளையாட்டின் பெயர். அதில் வலிய அணியைத் தெரிந்தெடுக்கும் கலை வளர்ந்த வரலாறு அறியத்தக்கது.

1996ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள், யப்பானில் நிண்டென்டோ நிறுவனத்தின் கேம்போய்க் கருவிக்கென இவ்விளையாட்டு சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளிவந்தது. இதனைக் கருக்கொண்டவர் சதோஷி தஜிரி. ரோக்கியோவின் புறத்தேயுள்ள மச்சிடாவில் வளர்ந்த அவர், இளமையிற் பூச்சி பிடிப்பதிற் பெருவிருப்பினர். நகரம் பெருகப் பெருக, பூச்சிகள் வாழ்ந்த வயலும் குளமும் மறைந்தன. தாம் துய்த்த இன்பத்தைப் பின்வரும் சிறுவரும் துய்த்தல் வேண்டுமென அவர் விரும்பினார். இரு கருவிகளை இணைக்கும் கம்பியைக் கண்டபோது, அதன் வழியே பூச்சியொன்று ஊர்ந்து செல்வதுபோல் அவருக்குத் தோன்றிற்றாம். அவ்வெண்ணமே பிராணிகளைப் பரிமாறவும் பொருதவிடவும் வழிகோலியது.

முதல் விளையாட்டில் இருந்த பிராணிகள் 151. அவற்றுள் ஆறினை மட்டுமே ஒருவர் உடன் கொண்டு செல்லலாம். ஒவ்வொன்றும் நான்கு வித்தைகளையே நினைவில் வைத்திருக்கும். நீர், நெருப்பு, புல் முதலாகப் பதினைந்து இனங்கள் உண்டு. நீர் நெருப்பை அவிக்கும். நெருப்பு புல்லை எரிக்கும். புல் நீரை உறிஞ்சும். ஏற்ற இனத்தின் தாக்குதல் இரு மடங்காக விழும். சாரிசார்ட் என்னும் பறக்கும் நெருப்புப் பிராணியோ, நெருப்பினமாதலாலும் பறவையினமாதலாலும் கல்லுக்கு இருமுறை அஞ்ச வேண்டியது. ஆகவே ஒரு கல்லடி அதன்மேல் நான்கு மடங்காக விழும். எத்துணை வலிய பிராணிக்கும் அதனை வீழ்த்தவல்ல பகை ஒன்று உண்டு.

ஆயினும், தொடக்கத்திற் சிறுவர் பலர் இதனைப் பொருட்படுத்தவில்லை. முதலிற் கிடைத்த பிராணி ஒன்றையே ஓயாது பயிற்றிக் கதையை முடித்தனர். கதையில் வரும் தலைவர்கள் பெரும்பாலும் ஓரினப் பிராணிகளையே வைத்திருந்தமையால் அது இயன்றது. ஆனால், கம்பியின் மறுமுனையில் தோழனொருவன் அமர்ந்தபோது நிலைமை மாறியது. நெருப்பைக் கண்டதும் அவன் நீரை இறக்கினான். வலியதைக் கண்டதும் அதனை உறங்கச் செய்தான். ஒன்றையே நம்பியவன் தோற்றான்.

1997ஆம் ஆண்டில் யப்பானில் நடந்த நிண்டென்டோ கிண்ணப் போட்டியின் விதிகளும் இப்பாடத்தையே வலியுறுத்தின. ஆறு பிராணிகளைக் கொணர்ந்து மூன்றினை மட்டும் களமிறக்கலாம். ஒவ்வொன்றின் படிநிலையும் 50க்கும் 55க்கும் இடைப்பட்டிருத்தல் வேண்டும். மூன்றின் கூட்டுத்தொகை 155ஐத் தாண்டலாகாது. ஒன்றினை 55க்கு உயர்த்தினால், ஏனைய இரண்டும் 50லேயே நிற்கும். ஒருவனின் உயர்வுக்கு அவன் துணைவரே விலை கொடுத்தனர்.

விளையாட்டின் அமைப்பிலும் குறையொன்று இருந்தது. மனவாற்றல் இனம் அளவு கடந்து வலிமை பெற்றிருந்தது. பேயினத் தாக்குதல் அதனை வெல்லும் என விளையாட்டினுள்ளேயே சொல்லப்பட்டபோதும், நிரலில் நேர்ந்த பிழையால் அத்தாக்குதல் சிறிதும் பலிக்கவில்லை. அதனை வெல்லத்தக்க பூச்சியினத்துக்கோ நல்ல வித்தைகள் வாய்க்கவில்லை. 1999ஆம் ஆண்டு நவம்பர் 21இல் வெளிவந்த பொன், வெள்ளிப் பதிப்புகள் இதனைச் சீர்செய்தன. மனவாற்றல் தீண்டமுடியாத இருளினமும், அதனைத் தாங்கவல்ல எஃகினமும் புகுந்தன. முன்பு ஒரே எண்ணாயிருந்த சிறப்பாற்றல், தாக்கவும் காக்கவும் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முன்னைய வெற்றி அணிகள் பல பயனற்றுப் போயின.

இக்கலையின் சிறந்த சான்று 2014ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் நடந்த உலகப் போட்டியிற் கிடைத்தது. இரு பிராணிகள் ஒருங்கே பொரும் முறை அங்கே கையாளப்பட்டது. போட்டியாளர் பலர் பேர்பெற்ற சில வலிய பிராணிகளையே நாடினர். தென் கொரியாவைச் சேர்ந்த சே ஜுன் பார்க் என்னும் இளைஞரோ, பச்சிரிசு என்னும் சின்னஞ்சிறு மின் அணிலைச் சேர்த்துக்கொண்டார். அதனை ஒரு பொருளாக எவரும் கருதியதில்லை. ஆனால், எதிரியின் தாக்குதலைத் தன்பால் ஈர்க்கும் வித்தையும், மின்னை உண்டு உடல் தேறும் இயல்பும் அதற்குண்டு. அவர் அணியிலிருந்த கயராடோஸ் என்னும் பெருநாகம் மின்னுக்கு அஞ்சுவது. அந்நாகத்தின்மேல் எறியப்பட்ட மின்னை அணில் தானே ஏற்று நலம் பெற்றது. நாகமோ தடையின்றித் தாக்கியது. உலக வெற்றி அவருக்காயிற்று.

இன்று அப்பிராணிகளின் தொகை ஆயிரத்தைக் கடந்துவிட்டது; இனங்களும் பதினெட்டாகிவிட்டன. அணியில் இடமோ அன்றுபோல் ஆறேதான். வலியன யாவை என வினவித் தெரிபவன் ஆறு பிராணிகளைப் பெறுகிறான்; எதன் குறையை எது காக்கும் என வினவித் தெரிபவனே ஓர் அணியைப் பெறுகிறான்.