கன்செஷன்: சலுகையா, குத்தகையா?

அமெரிக்க நாட்டில் பந்தாட்டத் திடலுக்கோ திரைப்படக் கொட்டகைக்கோ செல்பவர்கள், அங்குத் தின்பண்டம் விற்கும் கடையைக் 'கன்செஷன் ஸ்டாண்டு' என்று அழைப்பார்கள். நம்மவர் செவிக்கு இப்பெயர் சற்றே விந்தையாக ஒலிக்கும். கன்செஷன் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது இரயில் பயணச்சீட்டுதான். அயல் மாநிலங்களில் வாழ்ந்து, ஆண்டுக்கொரு முறை ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறிந்த சொல் அது. மூத்த குடிமக்களுள் ஆடவருக்கு நூற்றுக்கு 40, மகளிருக்கு நூற்றுக்கு 50 எனக் கட்டணத்தைக் குறைத்து வந்த கன்செஷன் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, அதன் அருமையை நம் வீட்டு முதியோர் உணர்ந்தனர். இவ்வாறு விலைக் குறைப்பைச் சுட்டும் ஒரு சொல், வெளியே விற்பதைக் காட்டிலும் பன்மடங்கு விலை கூறும் கடைக்கு எவ்வாறு பெயராயிற்று?

அகராதியைப் புரட்டிச் 'சலுகைக் கடை' என்று எழுதிவிடுவது எளிது. படிப்பவரோ, மலிவு விலைக் கடை போலும் என்று எண்ணி ஏமாறுவர். மொழிபெயர்ப்பில் உழல்வோர் அஞ்ச வேண்டியவை அருஞ்சொற்கள் அல்ல. இத்தகைய எளிய சொற்களே.

இலத்தீன் மொழியில் 'விட்டுக்கொடுத்தல்' எனப் பொருள்படும் வினையினின்று பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது இச்சொல். விட்டுக்கொடுப்பது விலையிலும் இருக்கலாம்; உரிமையிலும் இருக்கலாம். இரயில்வே முதற்பொருளைக் கொண்டது. அரசர்களும் வணிகர்களும் இரண்டாம் பொருளைக் கொண்டனர். தனக்கு உடைமையான இடத்தில் இன்னொருவர் தொழில் நடத்திப் பொருள் ஈட்ட, உடையவர் அளிக்கும் தனியுரிமையே அவர்கள் கண்ட கன்செஷன். எகிப்தின் ஆட்சியாளர் சயீத் பாஷா 1854-இல் சூயஸ் கால்வாய் வெட்டும் உரிமையை லெசெப்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரருக்கு அளித்தது ஒரு கன்செஷன். பாரசீக மன்னர் 1901-இல் எண்ணெய் எடுக்கும் உரிமையை டார்சி என்பவருக்கு 60 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்ததும் அதுவே.

இவற்றினும் சுவையானது பாரசீகப் புகையிலையின் கதை. நாசிருத்தீன் ஷா 1890-இல் தம் நாட்டுப் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவும் உரிய தனியுரிமையை டால்பட் என்னும் ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுகளுக்கு வழங்கினார். பயிரிட்டவன் தன் விளைச்சலைத் தான் விரும்பியவருக்கு விற்க இயலாது. கடைக்காரனும் வேறெங்கும் வாங்க இயலாது. மக்கள் கொதித்தெழுந்தனர். 1891 டிசம்பரில் புகையிலையை விலக்குமாறு சமயத் தலைவரின் ஆணை பிறந்தது. நாடெங்கும் ஹூக்காக்கள் அணைந்தன. அரண்மனை மகளிரும் புகைப்பதைக் கைவிட்டனர் என்பர். 1892 தொடக்கத்தில் மன்னர் உரிமையைத் திரும்பப் பெற நேர்ந்தது. மன்னருக்கு வருவாய், உரிமை பெற்றவருக்கு ஆதாயம், மக்களுக்கு விலை உயர்வு என்னும் இம்முக்கோணத்தைக் கொட்டகைக் கடையிலும் சிறு அளவில் காணலாம்.

1893-இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், வேடிக்கைகளும் கடைகளும் நிறைந்த பகுதி இத்தகைய உரிமைகளைக் கொண்டே அமைந்தது. 264 அடி உயர இராட்டினத்தை நிறுவிய ஃபெர்ரிஸ் என்னும் பொறியாளரும் உரிமை பெற்றே அதை நிறுவினார். ஏறியவர் தந்த கட்டணம் 50 சென்ட். கண்காட்சிக்குள் நுழையும் கட்டணமும் அதுவே! பந்தாட்டத் திடல்களில் இம்முறைக்கு வழி வகுத்தவர்களுள் ஒருவர், இங்கிலாந்திலிருந்து குடியேறிய ஹாரி ஸ்டீவன்ஸ். 1880-களில் ஒஹையோ மாநிலத்தில் ஆட்டக்காரர் பெயரடங்கிய அட்டைகளை விற்கும் உரிமையைப் பெற்றுத் தொழில் தொடங்கியவர், பின்னர்ப் பல திடல்களில் உணவும் விற்றுப் பெருவணிகரானார்.

திரைப்படக் கொட்டகைகள் மட்டும் நெடுங்காலம் தின்பண்டத்தை வாசற்படியிலேயே நிறுத்தின. விலையுயர்ந்த கம்பளம் விரித்த அரங்கில் சோளப்பொரி சிதறுவதை முதலாளிகள் விரும்பவில்லை. ஊமைப்படக் காலத்தில் கொறிக்கும் ஓசையும் இடையூறாயிருந்தது. 1927-க்குப் பின் படங்கள் பேசத் தொடங்கியதும் அவ்வோசை அமிழ்ந்துபோயிற்று. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் கொட்டகைகள் தள்ளாடின. ஐந்து சென்டுக்கும் பத்து சென்டுக்கும் பொரி விற்ற தள்ளுவண்டிக்காரரோ வாசலில் நன்றாகவே பிழைத்தனர். அதைக் கண்ட முதலாளிகள், கட்டணம் பெற்றுக்கொண்டு அவர்களை முன்கூடத்தினுள் விற்க விட்டனர். அந்த அனுமதியே கன்செஷன். அதைக் கொண்டு நடந்த கடை கன்செஷன் ஸ்டாண்டு. ஆதாயம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு முதலாளிகளே பொரி வறுக்கத் தொடங்கினர். உரிமை கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரேயானபின் அப்பெயருக்குப் பொருளில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. வண்டிக்காரர் என்ன ஆனார் என்று கேட்பாரில்லை.

நம் நாட்டுக் கொட்டகையில் அக்கடைக்குக் 'கேண்டீன்' என்று பெயர். இத்தாலியில் மது வைக்கும் நிலவறையைக் குறித்த 'காந்தீனா', பிரெஞ்சில் படைவீரர் கடையாகி, ஆங்கிலேயர் பாசறைகளின் வழியாக இங்கு வந்தது. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேண்டீன் அமைக்கச் செய்ய 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. உழைப்பவரின் பசியாற்ற ஏற்பட்ட பெயரைக் கொட்டகைக் கடை இரவல் பெற்றுக்கொண்டது எனலாம்.

பெயர் வேறாயினும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. கோயில்களில் தேங்காய் பழம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்படுகிறது. கொட்டகையில் சைக்கிள் நிறுத்துமிடமும் கேண்டீனும் குத்தகைக்குப் போயின. 'ஏலம்' போர்த்துகீசியர் தந்த சொல். 'குத்தகை'யோ நம் உழவர் நாவில் நெடுநாள் பழகியது. ஆகவே அமெரிக்கரின் கன்செஷனுக்குக் குத்தகை என்பதே நெருங்கிய தமிழ் என்பது நம் துணிபு. குத்தகைப் பணத்தை யார் தலையில் கட்டுவார்கள் என்பதை அச்சொல்லே சொல்லிவிடுகிறதன்றோ?

வெளி உணவைக் கொட்டகைக்குள் கொண்டுசெல்லலாமா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் 2018-இல் மக்கள் பக்கம் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3-ஆம் நாள் அதனை நீக்கி, கொட்டகை தனியார் உடைமையாதலால் நிபந்தனை விதிக்கும் உரிமை உடையவருக்கு உண்டு என்றது. எனினும், நல்ல குடிநீரை அனைவருக்கும் விலையின்றி அளிக்க வேண்டும். கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கலாகாது. பொரிக்குப் பணம் தர மனமில்லாதவர், கேண்டீனில் தயங்காமல் தண்ணீர் கேட்கலாம்.