தொக்கணமும் சுவீடிஷ் மசாஜும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியில் போகும்போது இரண்டு மரபுகள் ஒன்றையொன்று பாராமலே அயலில் வாழ்வதைக் காணலாம். உப்புவெளி, நிலாவெளி கடற்கரை விடுதிகளின் விலைப்பட்டியலில் சுவீடிஷ் மசாஜ் இருக்கும். அதே வீதியில் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம் சித்த மருத்துவப் பட்டப்படிப்பை நடத்துகிறது. சித்தத்தின் 32 புற மருத்துவங்களில், உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று.

கொள்கையில் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. தொக்கணம், உடலின் முக்குற்றங்களில் ஒன்றான வாதத்தைத் தன்னிலைக்குக் கொண்டுவர முயல்கிறது. சுவீடிஷ் முறைக்குத் தசையும் இரத்த ஓட்டமுமே கணக்கு. தொக்கணத்தில் தைலம் நோய்க்கேற்பத் தேர்ந்தெடுக்கும் மருந்து. சுவீடிஷில் எண்ணெய் கை வழுக்குவதற்கு மட்டும்.

ஆனால் கைகளைக் கவனித்தால் கதை மாறுகிறது. தொக்கணம் 9 வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். சுவீடிஷ் 5 வகை: நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல், அதிர்வூட்டல். தட்டல் இரண்டிலும் அப்படியே நிற்கிறது. பிடித்தலும் பிசைதலும் நெருங்கிய உறவு. நீண்டு வழியும் நீவலுக்கு அந்த ஒன்பதில் தனியிடமில்லை. முறுக்கலும் இழுத்தலும் இந்த ஐந்தில் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் சுவையான இடம். சுவீடிஷ் மசாஜின் தந்தை என்று பெர் ஹென்ரிக் லிங்கைச் சொல்வது வழக்கம். 1813இல் ஸ்டாக்ஹோமில் அவர் நிறுவியதோ உடற்பயிற்சிக் கழகம். மூட்டை வளைத்தும் இழுத்தும் அசைப்பது அவரது மருத்துவத்தில் முக்கிய பங்கு வகித்தது. இன்றைய ஐந்து கைமுறைகளை வகுத்தவராக ஆய்வாளர் பலர் காட்டுவது யோகான் மெட்ஸ்கரை (1838–1909). அவர் சுவீடன்காரரே அல்லர், நெதர்லாந்து மருத்துவர்! லிங்கின் அசைவுகள் பிசியோதெரபியோடு போய்விட, மெட்ஸ்கரின் கைமுறைகள் மசாஜ் அறையில் தங்கின. ஐரோப்பாவில் பிரிந்த இந்த இரண்டும் தொக்கணத்தில் ஒரே பட்டியலில் கிடக்கின்றன.

இன்னொரு உறவும் உண்டு. லிங், லுண்ட் பல்கலைக்கழகத்தில் வாள்வீச்சு கற்பித்தவர். நம் பக்கத்தில் வர்ம அடிமுறை என்னும் போர்க்கலையின் ஆசான்மாரே தடவு முறையும் அறிந்தவர்கள். மருத்துவமனை மட்டுமல்ல, போர்ப்பயிற்சிக் களமும் உடம்பைப் படித்திருக்கிறது.

பலன் என்ன? கீழ்முதுகு நோவுக்கு மசாஜ் குறித்து மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2015 மதிப்பாய்வு, குறுகிய காலத்துக்கு நோவு தணியலாம் என்றது; சான்றுகளின் தரம் தாழ்வு என்றும் சேர்த்தே சொன்னது. விடுதிப் பட்டியல்கள் வாக்களிக்கும் ‘நச்சு நீக்கம்’ எனக்கு நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை.

கரைவலை இழுத்துத் தோள் இறுகியவருக்கு, மூட்டையும் அசைப்பதால், என் தேர்வு தொக்கணம். மன அலுப்பில் தூக்கம் கெட்டவருக்கு நீவலே இதம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நோகிறதென்றால் இரண்டும் வேண்டாம். உள்ளே உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.