கஞ்சி காய்வதற்குள் ஒரு போட்டோ

ஒரு மாசமா என்னைப் பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "கையில என்னப்பா, மை கொட்டிக்கிட்டியா?" பேங்க்ல கேட்டாங்க. சலூன்ல கேட்டாங்க. ஒரு கல்யாணத்துல பக்கத்து இலைக்காரர் கேட்காமலே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துட்டார் :-)

மை இல்லைங்க. வெள்ளி நைட்ரேட். தோல்ல பட்டு வெளிச்சம் பட்டதும் கறுத்துடும். சோப்பு போட்டாலும் போகாது, சீயக்காய் போட்டாலும் போகாது. தோல் உரிஞ்சு புதுத்தோல் வந்தாத்தான் உண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி மாளலை, அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நாங்க நாலு பேர் சேர்ந்து 1851-ம் வருஷத்து முறையில் ஒரு போட்டோ எடுத்தோம். ஒருத்தர் கெமிஸ்ட்ரி வாத்தியார். ஒருத்தர் ஸ்டுடியோ வெச்சிருந்து மூடிட்ட அண்ணன். ஒரு தம்பிக்கு மரவேலை தெரியும். நாலாவது நான், கூட நின்னு வேடிக்கை பார்க்கிற வேலை. இந்த முறைக்கு வெட் பிளேட் கொலோடியன்னு பேர். ஈரக் கண்ணாடி முறைன்னு வெச்சுக்கலாம்.

எனக்கு இதுல ஆசை வந்த காரணம் சின்னது. எங்க ஊர் ஆர்.கே.பேட்டை நெசவு ஊர்னு உங்களுக்குத் தெரியும். இந்த முறைக்கு மூலப்பொருள் என்னன்னு பார்த்தா... பஞ்சு! பஞ்சை நைட்ரிக், சல்ப்யூரிக் அமிலங்களில் ஊற வெச்சா அது வெடிபஞ்சு. 1846-ல் ஷோன்பைன் என்கிற வேதியியல்காரர் வெளியே சொன்ன சமாசாரம். அமிலத்தின் அளவைக் குறைத்து, அந்தப் பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் பாகு மாதிரி ஒரு திரவம் கிடைக்கும். அதுதான் கொலோடியன். முதலில் டாக்டர்கள்தான் இதைப் பயன்படுத்தினாங்க. காயத்து மேல தடவினால் காய்ந்து மெல்லிய தோல் மாதிரி மூடிக்கும்.

லண்டனில் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர்னு ஒரு சிற்பி இருந்தார். இந்தப் பாகைக் கண்ணாடி மேல ஊற்றி அதில் படம் பிடிக்கலாம்னு கண்டுபிடித்து, 1851 மார்ச்சில் ஒரு வேதியியல் இதழில் எழுதினார். அதுவரை இருந்தது ரெண்டு வழி. டாகுவேரின் வெள்ளித் தகடு. படம் துல்லியம், ஆனா ஒரே ஒரு பிரதிதான். டால்பட்டின் காகித நெகடிவ். எத்தனை பிரதி வேணும்னாலும் எடுக்கலாம், ஆனா காகிதத்தின் நாரெல்லாம் படத்தில் தெரியும். ஆர்ச்சரின் கண்ணாடி ரெண்டு நல்லதையும் சேர்த்துக் கொடுத்தது. மனுஷன் அதுக்கு காப்புரிமை வாங்கலை. ஊருக்கே கொடுத்துட்டு 1857-ல் வறுமையில் செத்துப் போனார். அவர் கொடுத்ததை வெச்சு உலகம் முழுக்க ஸ்டுடியோக்காரங்க சம்பாதிச்சாங்க.

*

செய்முறை கேட்க எளிதுதான். கண்ணாடியைத் துடைக்கணும். அயோடைடு, புரோமைடு உப்புகள் கலந்த கொலோடியனை நடுவில் ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடுற மாதிரி சாய்த்து, மிச்சத்தை பாட்டிலில் வடிச்சிடணும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் தொட்டியில் மூணு நாலு நிமிஷம் முக்கணும். ஈரத்தோட எடுத்து கேமராவில் மாட்டி படம் எடுத்து, ஈரத்தோடவே திரும்ப இருட்டறைக்கு ஓடி டெவலப்பர் ஊற்றணும். அந்த டெவலப்பர் என்னன்னு நினைக்கிறீங்க? நம்ம நாட்டு மருந்துக் கடை அன்னபேதிதான், அதாவது இரும்பு சல்ஃபேட். அப்புறம் ஹைப்போவில் போட்டு, கழுவி, வார்னிஷ் பூசணும்.

இதில் உயிர்நாடி "ஈரம்"கிற ஒரே வார்த்தை. காய்ந்தால் போச்சு. லண்டன் குளிரில் பத்து நிமிஷம் வரைக்கும் தாங்கும். நம்ம ஊரில்? ஈதர் கொதிக்கிற வெப்பம் ஏறக்குறைய 35 டிகிரி. திருத்தணி வெயில் 40-ஐத் தாண்டுறதை டிவி செய்தியில் பார்த்திருப்பீங்க. அதாவது சித்திரை மாசத்தில் எங்க ஊர்ல பாட்டிலைத் திறந்து வெச்சாலே ஈதர் கொதிக்கிற சூடு.

புத்திசாலிகளான நாங்க ஆரம்பிச்சது மே மாசம். மொட்டை மாடியில். பகல் பதினொரு மணிக்கு, "நல்ல வெளிச்சம்"னு சொல்லிக்கிட்டு.

முதல் கண்ணாடியில் கொலோடியன் மூலைக்குப் போகும் முன்னாடியே இறுகிடுச்சு. ரெண்டாவது வெயிலில் கேமரா வரைக்கும் போறதுக்குள்ள ஓரமெல்லாம் காய்ந்தது. மூணாவதில் படலமே வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு வந்தது. ஒன்பது கண்ணாடி போட்டோம். ஒன்பதும் புகைமூட்டம். ஈதர் வாசனையில் வாத்தியாருக்கு தலைவலி. செலவான வெள்ளி நைட்ரேட் விலையை வீட்டில் இன்னும் சொல்லலை, இங்கேயும் சொல்லப் போறதில்லை.

*

தோத்த பிறகுதான் புத்தி வந்து, இதே மெட்ராஸ் வெயிலில் அந்தக் காலத்து ஆளுங்க எப்படி சமாளிச்சாங்கன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

பம்பாயில் 1854-லேயே போட்டோகிராஃபிக் சொசைட்டி வந்தாச்சு. மெட்ராஸில் 1856. இதில் முக்கியமான ஆள் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்கிற டாக்டர். 1850-ல் அவர் ஆரம்பித்த கலைப் பள்ளிதான் இன்னிக்கு சென்னையில் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரி. சொசைட்டி ஆளுங்களில் பெரும்பாலோர் பொழுதுபோக்குக்காரங்க. ராணுவம், மருத்துவம்னு ஆளுக்கொரு வேலை. பார்த்தா நம்மள மாதிரி கூட்டம்தான், சம்பளம் மட்டும் வேற :-)

அவங்களில் பெரிய பேர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். மெட்ராஸ் மாகாண அரசாங்கத்துக்கே போட்டோகிராஃபரா 1856-ல் நியமிக்கப்பட்டவர். 1858-ல் ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு மாட்டு வண்டியில் சாமான் ஏத்திக்கிட்டு சுத்தினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படமா எடுத்து ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார்.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, ஆர்ச்சரின் கண்ணாடி முறை வந்து ஆறேழு வருஷம் ஆன பிறகும் டிரைப் தன் பெரிய படங்களுக்கு நம்பினது காகித நெகடிவைத்தான். காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம். கோயில் வாசலில் இருட்டுக் கூடாரம் போட்டு நிமிஷக் கணக்கு பார்க்க வேண்டாம். மொட்டை மாடியில் ஒன்பது கண்ணாடியைப் பாழாக்கினவனுக்கு அந்த முடிவின் அருமை புரியும்! 1859-ல் ஆளுநரா வந்த சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் வீண் செலவுன்னு அந்த வேலையையே நிறுத்திட்டார்.

நம்ம பக்கம் கோயில்களுக்கு ஈரக் கண்ணாடியோட பெரிய அளவில் வந்தவர்னா அடுத்த பத்தாண்டில் எட்மண்ட் டேவிட் லயன். ஊட்டியில் ஸ்டுடியோ வெச்சிருந்த முன்னாள் கேப்டன். மெட்ராஸ் அரசாங்கத்துக்காக 1867-68-ல் தென்னாட்டுக் கோயில்களை எடுத்தார்.

அதே 1868 ஆகஸ்ட் 18-ல் முழு சூரிய கிரகணம். நமக்கு வடக்கே குண்டூரில் மேஜர் டெனன்ட்டின் குழு ஈரக் கண்ணாடியோட காத்திருந்தது. முழு இருட்டு அஞ்சு நிமிஷத்துக்குச் சொச்சம். அதற்குள் ஆறு படம். ஒருத்தர் ஊற்ற, ஒருத்தர் முக்க, ஒருத்தர் மாட்ட, ஒருத்தர் கழுவன்னு ஆள் பிரிச்சு, முன்னாடியே பழகியிருந்தால்தான் அது நடக்கும். தனி ஆளால் முடியற வேலையே இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்னொரு பெயர் கண்ணில் பட்டது. ஐயாசாமி. ஹண்டரின் கலைப் பள்ளியில் படித்தவர், டிரைப்புக்கு உதவியாளரா இருந்தவர். பின்னாடி அதே பள்ளியில் போட்டோ எடுக்கிறவரா இருந்தார். நீலகிரிப் பழங்குடிகள் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873-ல் வந்த புத்தகத்தின் படங்கள் அந்தப் பள்ளிக்காரங்க எடுத்தது. டிரைப்புக்கு தனிக் கண்காட்சி நடக்குது, தடித்தடியா புத்தகம் வருது. நல்லதுதான். கூட நின்று கை கறுத்த ஐயாசாமியின் முகம் எப்படி இருந்திருக்கும்னு பார்க்க எனக்கு ஒரு படம் கிடைக்கலை.

*

திரும்ப எங்க மாடிக்கு வருவோம்.

நைனா ரெண்டு மூணு நாள் எங்க கூத்தைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. ஒரு நாள் சாயங்காலம் கேட்டார்.

"ஏன்டா, பாவுக்கு கஞ்சி எப்ப போடுவோம்?"

"விடிகாலையில."

"ஏன்?"

"வெயில் ஏறினா கஞ்சி காய்ஞ்சு இழை ஒட்டிக்கும்."

"எத்தினி பேர் நிப்போம்?"

"தெருவே நிக்கும்."

"அப்புறம் இன்னாத்துக்கு பதினோரு மணிக்கு போய் நாலு பேர் மாடில ஆடுறீங்க?"

அவ்வளவுதான். டாக்டர் ஹண்டர் சொசைட்டியில் சொல்ல வேண்டியதை எங்க வீட்டுத் திண்ணையில் சொல்லிட்டார். விசைத்தறி வந்த பிறகு தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடறதை நான் பார்த்தே பல வருஷமாச்சு. சின்ன வயசில் அரைத்தூக்கத்தில் எழுந்து போய் நூல் பிடிச்சது ஞாபகம் வந்தது. கஞ்சி ஊற்ற ஒருத்தர், புருசு இழுக்க ரெண்டு பேர், அறுந்த இழையை முடிய பொம்பளைங்க, எல்லாம் சூரியன் மேல வர்றதுக்குள்ள.

மார்கழி வரைக்கும் காத்திருந்தோம். காலை ஏழு மணி, பனி விலகற நேரம். தம்பி ஒரு பழைய மரப்பெட்டி கேமராவைச் சரி பண்ணி வெச்சிருந்தான். இருட்டறை மாடியில் இல்லை. திண்ணைக்குப் பக்கத்திலேயே கறுப்புப் போர்வை போட்டு ஒரு கூண்டு. இந்தத் தடவை ஆளுக்கு ஒரு வேலை. அண்ணன் ஊற்றினார், வாத்தியார் முக்கினார், தம்பி மாட்டினான், நான் எண்ணினேன்.

திண்ணையில் நைனா. நெத்தியில் விபூதி, நடுவில் குங்குமம், தோளில் சிவப்புத் துண்டு. எட்டு எண்ணுற வரைக்கும் அசையக் கூடாது. அந்தக் காலத்தில் கழுத்துக்குப் பின்னாடி இரும்புக் கவை வெச்சு நிறுத்துவாங்களாம். நைனாவுக்கு அது தேவைப்படலை. தறியில் உட்கார்ந்து பழகின உடம்பு.

அன்னபேதித் தண்ணி பட்டதும் உருவம் மெல்ல வந்தது. ஹைப்போவில் போட்டு பின்னாடி கறுப்புத் துணி வெச்சதும், நைனா கண்ணாடிக்குள்ள உட்கார்ந்திருந்தார். யாரும் பேசலை. அண்ணன் மட்டும் மூக்கை உறிஞ்சினார். கேட்டால் ஈதர் வாசனைன்னு சொன்னார்.

நைனா வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க நைனா மாதிரியே இருக்கேன்"னார். அப்புறம், "நான் இவ்ளோ கறுப்பாடா?"

*

இந்தப் பதிவையே நான் எழுதறது அந்தக் கேள்விக்காகத்தான்.

நைனா அவ்வளவு கறுப்பு இல்லை. ஆனா கண்ணாடிக்கு அது தெரியாது. கொலோடியனுக்கு நீலமும் ஊதாவும்தான் தெரியும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் அதுக்கு இருட்டு. நீல வானம் வெள்ளையா வரும். நெத்திக் குங்குமம் கறுப்புப் பொட்டு ஆச்சு, சிவப்புத் துண்டு கறுப்புத் துண்டு ஆச்சு. நம்ம தோலின் பழுப்பு நிறத்தில் இருக்கிற சிவப்பும் மஞ்சளும் கணக்கிலேயே வராததால், முகம் உள்ளதை விட ரெண்டு மடங்கு இருண்டு போச்சு.

இப்போ பழைய படங்களை நினைச்சுப் பாருங்க. 1850-களில் இருந்து 1880 வாக்கில் உலர்கண்ணாடி பரவும் வரைக்கும் நம்ம மக்களை எடுத்த படங்களில் பெரும்பாலும் இந்தக் கண்ணாடி வழியாத்தான் உலகம் நம்மைப் பார்த்தது. இன்ன சாதி, இன்ன நிறம்னு எழுதி வெச்சு ஆல்பம் போட்டாங்க. 'இந்திய மக்கள்'னு 1868-லிருந்து 1875 வரைக்கும் எட்டு தொகுதி லண்டனில் வந்தது. அந்தப் பக்கங்களில் இருக்கிற இருட்டில் எவ்வளவு நம்ம தோல், எவ்வளவு ரசாயனம்?

தாது வருஷப் பஞ்சத்தில் வில்லோபி ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி எடுத்த படங்கள் பார்த்திருப்பீங்க. எலும்பும் தோலுமா வரிசையா உட்கார வெச்ச மக்கள். முன்னாடி பார்க்கும்போது பரிதாபம் மட்டும் வரும். இப்போ நான் எண்ணிக்கை எண்ணறேன். நல்ல உடம்போட நைனா எட்டு விநாடி அசையாம இருந்தார். உட்காரவே தெம்பில்லாதவங்களை ஒருத்தர் வரிசைப்படுத்தி, "அசையாதே"ன்னு சொல்லி, மூடியைத் திறந்து காத்திருந்திருக்கார். எங்க ஆயா, அவங்க ஆயா சொன்னதா தாது வருஷக் கதை சொல்லுவாங்க. எங்க வட ஆற்காட்டுப் பக்கமும் பஞ்சம் விடலை. அந்த வரிசையில் எங்க ஊர் ஆள் யாராவது இருந்தாங்களான்னு யார் எழுதி வெச்சாங்க?

இந்த முறையை ஒரு தடவை கையால் செஞ்சு பார்த்தவங்களுக்குப் பழைய போட்டோ வேற மாதிரி தெரியும். படத்துக்கு வெளியே நின்ன ஐயாசாமிகள் தெரிவாங்க. காயறதுக்குள்ள ஓடின ஓட்டம் தெரியும். கண்ணாடி எதைப் பார்க்கலைங்கிறதும் தெரியும். எனக்குக் கிடைச்சது அதுதான், கூடவே கறுத்த விரல்.

நைனா படம் இப்போ சாமி அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கு. அடுத்தது ஆயாவை எடுக்கணும். "கறுப்பா வருவேன்னா வேணாம்"னு சொல்லிட்டாங்க. பவுடர் போட்டுக்கோ ஆயான்னு சமாதானம் பேசிக்கிட்டிருக்கோம்.

டிஸ்கி: ஈதர் சட்டுனு தீப்பிடிக்கும், வெள்ளி நைட்ரேட் கண்ணில் பட்டால் பார்வை போகும். பழைய புத்தகங்களில் ஹைப்போவுக்குப் பதில் சயனைடு போடச் சொல்லியிருக்கும், அந்தப் பக்கமே போகாதீங்க. தெரிஞ்சவங்க கூட இல்லாம தனியா யாரும் முயற்சி பண்ண வேண்டாம். முக்கியமா, மே மாசம் பதினொரு மணிக்கு வேண்டவே வேண்டாம்.