தீயில் தப்பிய நாவல்

1936-இல் மெக்சிகோவுக்கு வந்து குவர்னவாகாவில் குடியேறிய ஆங்கிலேயர் மால்கம் லௌரி அங்கே ஒரு சிறுகதை எழுதினார். பேருந்துப் பயணம், வழியோரம் செத்துக்கொண்டிருக்கும் ஒருவன், அவ்வளவுதான். அது நாவலாக வளர்ந்தது. 1940-இல் எழுதி முடித்த வடிவத்தை எந்தப் பதிப்பாளரும் ஏற்கவில்லை. கனடாவில் ஒரு கடலோரக் குடிசையில் உட்கார்ந்து மறுபடி எழுதினார். 1944 ஜூனில் குடிசை பற்றி எரிந்தபோது இன்னொரு நாவலின் கையெழுத்துப்படி கருகியது. இதை மட்டும் மனைவி மார்ஜரி காப்பாற்றினார்.

தீக்குத் தப்பியதற்கு வேறு போட்டி வந்தது. அதே ஆண்டு சார்லஸ் ஜாக்சன் குடிகாரன் ஒருவனைப் பற்றி எழுதிய 'த லாஸ்ட் வீக்கெண்ட்' வெளியாகி, மறு ஆண்டே படமாகவும் வந்து ஆஸ்கரை அள்ளியது. தன் நாவலும் ஒரு குடிகாரனைப் பற்றியது என்பதால் லௌரி நொந்துபோனார். பிறகு லண்டன் பதிப்பாளர் ஜொனாதன் கேப் நாவலைச் சுருக்கச் சொல்ல, 1946 ஜனவரியில் அத்தியாயம் அத்தியாயமாக வாதாடி நீண்ட கடிதம் எழுதினார். கேப் இறங்கி வந்தார். 1947-இல் 'அண்டர் த வால்கேனோ' அச்சேறியது.

கதை எளிது. 1938 நவம்பர் 2, மெக்சிகோவில் இறந்தோர் நாள். முன்னாள் பிரிட்டிஷ் கான்சல் ஜெஃப்ரி ஃபர்மின் குடித்துக்கொண்டிருக்கிறார். விட்டுப்போன மனைவி இவோன் திரும்பி வருகிறாள். பொழுது போவதற்குள் இருவருக்கும் சாவு. படமாக்குவதில் சிக்கல் எங்கே என்றால், நாவலில் பெரும்பகுதி கான்சலின் மண்டைக்குள் நடக்கிறது. வாசகர் போதைக்கு உள்ளே இருக்கிறார். கேமராவோ எதிரே நின்று பார்க்கத்தான் முடியும். புனுவல், லோசி எனப் பெரிய இயக்குநர்கள் இதில் ஆசை வைத்தார்கள். லோசிக்காக கியூபா எழுத்தாளர் கப்ரேரா இன்ஃபான்டே திரைக்கதையே எழுதினார். படம் மட்டும் வரவில்லை.

கடைசியில் 1984-இல் எடுத்து முடித்தவர், மெக்சிகோவிலேயே வாழ்ந்துவந்த முதியவர் ஜான் ஹூஸ்டன். கய் காலோ என்ற இளைஞரின் திரைக்கதை, கேப்ரியல் ஃபிகெரோவாவின் ஒளிப்பதிவு. நாவலின் முதல் அத்தியாயம் போனது. கான்சலின் நண்பரான லாருயேலும் போனார். புத்தகத்தில் அவர் திரைப்பட இயக்குநர் என்பது வேடிக்கை! மண்டைக்குள் நுழையும் முயற்சியையே ஹூஸ்டன் கைவிட்டு, ஆல்பர்ட் ஃபின்னியின் உடம்பை நம்பினார். டின்னர் சூட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக வரும் ஃபின்னி தள்ளாடிக் காட்டுவதில்லை. விழாமல் நிற்கப் படும் பாட்டைக் காட்டுகிறார். குடியை நடிப்பவர்களில் பலருக்கு இது பிடிபடுவதில்லை. ஆனால் புத்தகத்துக் கான்சலின் குறும்பும் படிப்பும் படத்தில் மெலிந்துபோயின. பரிதாபமே மிஞ்சுகிறது. அந்தக் குறையோடுதான் எனக்குப் படம் பிடிக்கிறது.

ஃபின்னிக்கும் இசையமைத்த அலெக்ஸ் நார்த்துக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது, பரிசு கிடைக்கவில்லை. லௌரி 1957-லேயே இறந்துவிட்டார். அவருக்கும் சினிமா ஆசை உண்டு: ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ஒரு நாவலுக்கு மார்ஜரியுடன் சேர்ந்து திரைக்கதை எழுதினார். பல நூறு பக்கம் நீண்ட அதைப் படமாக்க யாரும் முன்வரவில்லை.