கடிகைக் குளக்கரையில் ஒரு விடியல்: தொட்டாசாரியர் சேவையின் வரலாறு

திருமலையில் திருவேங்கடமுடையானைச் சேவித்துக் கச்சிக்கு வரும் யாத்திரிகர்கள் புத்தூர், நகரி, திருத்தணி, அரக்கோணம் என்னும் ஊர்களைக் கடந்து வருகின்றனர். திருத்தணி, முருகன் சினம் தணிந்தமர்ந்த மலையென்று புகழ்பெற்றது. 1960 ஏப்ரல் 1 வரையில் சித்தூர் ஜில்லாவில் இருந்து, பின்னர்த் தமிழகத்தைச் சேர்ந்தது. வைணவ யாத்திரிகருக்கு அது வண்டி மாறும் ஊர். அங்கிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணத்தில், பேயாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்தருளிய திருக்கடிகை, இன்றைய சோளசிங்கபுரம், வந்துவிடுகிறது.

கடிகை என்றால் நாழிகை, அதாவது இருபத்துநான்கு நிமிஷம். அவ்வளவு நேரம் இம்மலையில் தங்கினாலே பேறு கிட்டும் என்பது தலப்பெயருக்குப் பெரியோர் கூறும் பொருள். ஆயினும் அவ்வூரில் நாள்தோறும் காணும் காட்சி வேறு. 1305 படிகளுக்கு மேலே யோக நரசிம்மனும், எதிர்க்குன்றில் 406 படிகளுக்கு மேலே யோக ஆஞ்சநேயனும் எழுந்தருளியிருக்க, மனநோயாலும் தீராப் பிணியாலும் வருந்துவோர் தக்கான் குளத்தில் நீராடி, ஈர ஆடையோடு மலையேறி, ஒரு மண்டலம் வரையிலும் விரதமிருந்து காத்துக் கிடக்கின்றனர். நாழிகைப் பொழுதில் அருளுவதாகப் பெயர்பெற்ற தலத்தில் நாற்பத்தெட்டு நாள் கிடப்பவர்கள் இவர்கள். குணமடைந்து திரும்புவோரும் உண்டு, வந்தபடியே திரும்புவோரும் உண்டு. இரண்டாமவரைக் குறித்துத் தலபுராணங்கள் பேசுவதில்லை. அவர்களுக்கு நம் பூருவர்கள் என்ன விடை வைத்தார்கள் என்று தேடுவோருக்கு, அதே குளக்கரையில் நிகழ்ந்ததாகச் சம்பிரதாயம் போற்றும் ஒரு நிகழ்ச்சி வழிகாட்டுகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் இவ்வூரில் எழுந்தருளியிருந்தவர் தொட்டாசாரியர் என்னும் மகாசாரியர். வேதாந்த தேசிகரின் சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் பேருரை இயற்றியவர். அப்பய்ய தீட்சிதர் காலத்தவர். நூலின் பெயரே சூறைக்காற்று. எதிர்வாதிகளின் சொல்லை வேரோடு பெயர்த்தெறியும் அந்நடையைப் பயின்றவர்கள், அவர் ஓர் உற்சவத்தைத் தவறவிட்டதற்காகக் குளக்கரையில் நின்று கண்ணீர் விட்டார் என்பதை முதலில் நம்பத் தயங்குவர்.

காஞ்சிப் பேரருளாளனுக்கு வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் காலை கருட சேவை. ஆண்டுதோறும் அதனைச் சேவிப்பது அவருக்கு நியமம். சோளசிங்கபுரத்திலிருந்து கச்சி கால்நடையாக இரண்டு மூன்று நாள் வழி. ஒரு வருஷம் புறப்பட இயலாமற் போயிற்று. முதுமையோ நோயோ, காரணம் எதுவாயினும், கேட்டது ஒன்றே: அந்த விடியலில் அந்த வாசலில் நிற்க வேண்டும் என்பது. அது கிட்டவில்லை. நாள் வந்தது, பொழுதும் புலர்ந்தது. தக்கான் குளத்தில் நீராடிக் கச்சித் திசை நோக்கி நின்று ஐந்து சுலோகங்களால் வரதனைத் துதித்தார். அப்பொழுதே பேரருளாளன் கருடன்மேல் அக்குளக்கரையில் காட்சியளித்தான் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. அச்சுலோகங்களே தேவராஜ பஞ்சகம்.

இந்நிகழ்ச்சிக்கு நாம் காட்டக்கூடிய சான்றுகள் இரண்டு: அந்தத் தோத்திரமும் கச்சியில் நடந்துவரும் ஒரு வழக்கமும்.

தோத்திரத்தின் முதற்சுலோகம் விடியலில் தொடங்குகிறது. கைகளைத் தலைமேல் குவித்து நெருங்கி நிற்கும் சனத்திரள், மெல்ல வீசும் சாமரம், வெண்குடை, கோபுரத்தினுள்ளே புள்ளரையன்மேல் தோன்றும் பெருமான். கச்சிக் கோபுர வாசலில் நின்றவருக்கன்றி இக்காட்சி வாராது. ஆசாரியரோ அன்று அங்கு நிற்கவில்லை. இங்கே வையாகரணர்கள் கருதத்தக்கது ஒன்றுண்டு. பெருமான் தோன்றினான் என்று சொல்லும் வினை லிட் வடிவில் அமைந்துள்ளது. சொல்பவன் தன் கண்ணால் காணாத இறந்தகால நிகழ்ச்சிக்கு அவ்வடிவைப் பாணினி விதித்தார். கவிகள் இவ்விதியைப் பெரிதும் பேணுவதில்லை. ஆகையால் இதனை முடிந்த சான்றாகக் கொள்ளலாகாது. ஆனால் சண்டமாருதம் எழுதிய கைக்கு இலக்கணம் அறியாமல் நழுவியிருக்கும் என்று சொல்வதும் எளிதன்று. காணாதவருக்குரிய வினையை இட்டுக் காண்பவர்போல வருணித்திருக்கிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது.

வேண்டியது தாழ்க்கும்போது அடியவன் என்ன நினைப்பது என்னும் வினாவை உரையாசிரியர்கள் நம்மாழ்வாரை வைத்தே பெரிதும் ஆராய்ந்தனர். மயர்வற மதிநலம் அருளப்பெற்றவரையே இவ்வுலகில் நெடுநாள் கதறவிட்டது என்னே? அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹிருதயத்தில் இதற்குக் காரணங்கள் அடுக்குகிறார். சரணமடைந்தவன் உடனே உடலை இழப்பானாகில், குடித்தாரைக் கொல்லும் நஞ்சுக் குளம் என்று அஞ்சி உலகத்தார் எம்பெருமானை நெருங்கமாட்டார் என்பது ஒன்று; பிரபந்தம் நிறைவுபெற வேண்டும் என்பது மற்றொன்று. இவை உலகின் நன்மையை நோக்கியவை. வேரில் ஒட்டிய மண்ணைக் களையாமல் சூடும் வேட்கையைப்போல, ஆழ்வாரின் திருமேனியோடேயே அவரை விரும்பினான் என்பதோ ஈசுவரனின் சொந்த ஆசை. வருந்துகிறவனுக்கு முதலிரண்டும் ஆறுதலாகுமோ என்பது ஐயம். உன் துன்பத்தால் நாடு திருந்துகிறது என்று நோயாளியின் தலைமாட்டில் நின்று சொல்பவனை யாரும் இருமுறை அழைப்பதில்லை. மூன்றாவது அத்தகையதன்று, தாழ்ப்பவனும் விடாய்த்திருக்கிறான் என்கிறது அது.

இதற்கு இதிகாசமே சான்று. கௌரவர் அவையில் துரோபதை கூவியழைத்தபோது கண்ணன் தொலைவில் இருந்தான். நாமம் அவளுக்குப் புடைவை சுரந்தது. நாமி அங்கு வரவில்லை. பின்னர்ச் சஞ்சயனிடம் பேசுகையில் அவனே, அவள் அழைத்த குரல் வட்டி ஏறிய கடன்போல் தன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்கிறான். குறை தீர்த்த பின்னும் கடன்பட்டவனாகவே நிற்கிறான். பதிலின்றிப் போன வேண்டுதலெல்லாம் கேட்டவனுடைய நெஞ்சிலன்றோ கிடக்கிறது என்று அடியவர் தேறுவதற்கு இதனினும் வலிய இடம் நூல்களில் அரிது.

கச்சி வரதனிடமே கூரத்தாழ்வானின் வரலாறும் உண்டு. பன்னீராண்டு பிரிந்திருந்து திரும்பிய எம்பெருமானார், கண்ணை வேண்டிக்கொள்ளும்படி அவரை வரதன் சந்நிதியில் நிறுத்தினார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடி, தம் கண்கள் போகக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தாம் பெறும் பேற்றையே வேண்டினார் என்று குருபரம்பரை கூறும். வேண்டப் போன பொருளே வாசலில் மாறிவிட்டது. தொட்டாசாரியருக்கோ வேண்டிய பொருள் மாறவில்லை. அது கிட்டும் இடம் மாறியது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி ஒரே விதி கூறுதல் பொருந்தாது. தக்கான் குளத்தில் ஒன்றும் காணாமல் எழுந்து போனவர்களை இக்கதைகள் எட்டுவதில்லை என்று குறை சொல்வாரும் உளர்; அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு.

எனினும் கச்சியில் நடப்பதைக் கருதவேண்டும். கருட சேவையன்று கோபுர வாசலில் பெருமான் எழுந்தருளியவுடன், குடைகளைத் தாழ்த்தி அவரைச் சில கணம் மறைக்கின்றனர். இரவெல்லாம் விழித்து இடம்பிடித்து நின்ற ஆயிரக்கணக்கானோர் நிமிர்ந்து பார்க்கும் அதே தருணத்தில் திருமுகம் இல்லை. தொட்டாசாரியர் சேவை என்று அதற்குப் பெயர். அக்கணம் பேரருளாளன் கடிகைக் குளக்கரைக்குப் போயிருக்கிறான் என்பது ஐதிகம். சம்பிரதாயம் நினைத்திருந்தால் அந்நிகழ்ச்சியைக் குளக்கரையில் ஒரு மண்டபமாக மட்டும் கட்டி நிறுத்தியிருக்கலாம். அது வந்து சேர்ந்தவர்களின் கண்ணுக்கு எதிரே குடையைத் தாழ்த்தியது. குழந்தையைத் தோளில் தூக்கி நிறுத்தியிருக்கும் தகப்பன் ஒருவன், "பெருமாள் எங்கே?" என்று அது கேட்கும்போது, "சோளிங்கருக்குப் போயிருக்கிறார், இதோ வந்துவிடுவார்" என்று சொல்லியாக வேண்டும். பிறகு குடைகள் நிமிர்கின்றன, ஆரத்தி எழுகிறது, ஸ்ரீபாதம்தாங்கிகள் தோள் மாற்றிக்கொண்டு வீதியில் இறங்குகிறார்கள்.