ஹவுராவின் புகையும் சௌரிங்கியின் கவலையும்

வயிறு நிறைந்தவனுக்குத்தான் பூமியைப் பற்றிக் கவலை வரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. பருவநிலை மாற்றம் பற்றிய அக்கறையெல்லாம் வசதி படைத்தவர்களின் சமாச்சாரம், ஏழைக்கு அது ஆடம்பரமாம். நான் பிழைக்க வந்த ஹவுராவின் பழைய கதை வேறு மாதிரி சொல்கிறது. கொஞ்சம் கேளுங்கள்.

நம்மூர்க்காரர்களுக்கு ஹவுரா என்றால் சென்னை மெயில் போய் நிற்கும் ஸ்டேஷன், அப்புறம் அந்தப் பாலம். ஆனால் இது நூற்றைம்பது வருடங்களுக்கும் மேலாகப் புகைபோக்கிகளின் ஊர். சணல் ஆலைகள், இரும்பு வார்ப்படப் பட்டறைகள், எல்லாமே நிலக்கரியில் ஓடின. ஹூக்ளிக்கு அக்கரையில் கல்கத்தா. அங்கே சௌரிங்கியில் வெள்ளைக்காரர்களின் மாளிகைகள்.

லண்டனில் புகைக்கு எதிரான சட்டம் வந்தது 1853-ல். பத்தே வருடத்தில், 1863-ல், கல்கத்தாவுக்கும் ஹவுராவுக்கும் ஒரு சட்டம் வந்துவிட்டது. பெரிய பலன் இல்லை. பிறகு வைஸ்ராய் கர்சன் பிரபுவே 1903-ல் நகரத்தின் வானம் கெடுவதைப் பற்றிக் கடிந்து பேசினார். லீட்ஸிலிருந்து பிரெடரிக் குரோவர் என்ற புகை நிபுணர் வரவழைக்கப்பட்டார். 1905-ல் வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் பிறந்தது. இன்ஸ்பெக்டர்கள் புகைபோக்கிகளைப் பார்த்து, கரும்புகை எத்தனை நிமிஷம் வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். அடுத்த வருடமே, கர்சன் ஆசைப்பட்ட விக்டோரியா மெமோரியலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். கட்டப்போவது வெள்ளைப் பளிங்கில் ஆயிற்றே!

இதில் வேடிக்கை என்னவென்றால், சணல் ஆலைகளை நடத்தியதும் பெரும்பாலும் ஐரோப்பியக் கம்பெனிகள்தான். புகை விட்டவர்களும் புகையைக் குறை சொன்னவர்களும் ஒரே வர்க்கம். புகைபோக்கியின் அடியிலேயே பஸ்தியில் குடியிருந்த கூலிக்காரர்களுக்கு இருமல் இல்லாமலா இருந்திருக்கும்? அவர்கள் இருமியது சட்டசபை வரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு அடுப்புகளை அந்தச் சட்டம் தொடவில்லை. ஆலைப் புகை குறைந்ததும் அதிகாரிகளின் பார்வை ஏழைகளின் 'உனுன்' என்ற கரியடுப்பின் மேல் திரும்பியது. அந்தப் புகையை முதலில் குடித்தவள் அடுப்பை ஊதியவள்தானே.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990-களில் மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது ஹவுராவின் சின்னப் பட்டறைகள் திணறின. 1998-ல் டெரி நிறுவனம், சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு, இங்கே ஒரு பட்டறையில் புதுவகை உலையை இயக்கிக் காட்டியது. காற்றை இரண்டு வரிசைத் துளைகள் வழியே செலுத்தும் உலை. கோக் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. கோக் குறைந்தால் கரியமில வாயுவும் குறையும். சின்ன முதலாளிக்கு அக்கறை இல்லை என்று யார் சொன்னது? கைக்கு எட்டும் வழிதான் இல்லை.

ஆக, பணம் அக்கறையை உண்டாக்குவதில்லை. யாருடைய அக்கறை சட்டமாகிறது, யாருடைய புகை குற்றமாகிறது என்பதைத்தான் அது தீர்மானிக்கிறது.

2020 மே மாதம் ஆம்பன் புயல் ஹவுராவையும் போட்டு உலுக்கியது. ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் போனவர்கள், ஏசி போட்டு விமானத்தில் ஊருக்குப் போய்வரும் நம்மைவிட மிகக் குறைவாகவே புகை விட்டவர்கள். பிள்ளைகளுக்குப் பருவநிலை பற்றிச் சொல்லிக் கொடுக்கும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லலாமே. என்ன சொல்கிறீர்கள்?