வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மூளை அழற்சியும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களை முன்வைத்து

முன்னுரை

நோயைத் தடுக்க இடப்பெற்ற மருந்தே அரிதாக மூளை அழற்சிக்குக் காரணமான வரலாறு இந்திய மருத்துவத்தில் உண்டு. வெறிநாய்க்கடிக்குரிய நரம்புத்திசுத் தடுப்பூசியின் வரலாறே அது. அதனையும், அவ்வழற்சியை இனங்காண்பதில் நேர்ந்த இடர்ப்பாட்டையும் கேரளத் தென்னெல்லைச் சிற்றூர்களோடு பொருத்தி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை நிலம்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டமும் அதனுள் அடங்கிய பாறசாலையும் கேரளத்தில் நின்றன. தமிழும் மலையாளமும் வழங்கும் இந்நிலத்தில் 'வெறிநாய்', 'பேப்பட்டி' என ஒரே விலங்கு இரு பெயர் பெறும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்னும் அச்சமோ இரு மொழியார்க்கும் பொதுவாயிற்று.

தடுப்பூசியின் வரலாறு

1885இல் லூயி பாஸ்டர் முயலின் உலர்ந்த தண்டுவடத்தைக் கொண்டு இச்சிகிச்சையைத் தொடங்கினார். 1907இல் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது. 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள், பீனாலால் நச்சுயிரியைச் செயலிழக்கச் செய்யும் முறையைக் கண்டார். பின்னர் இந்தியாவில் செம்மறியாட்டு மூளையிலிருந்து இம்மருந்து பேரளவில் ஆக்கப்பட்டது. மலிவானதாகவும் உள்நாட்டிலேயே ஆக்கத்தக்கதாகவும் இருந்தமையால் அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. எனினும், மருந்தோடு விலங்கின் மூளைத்திசுவும் உடலுட் புகுந்தது. அதனை எதிர்க்க எழுந்த உடலின் காப்பாற்றல், சிலரிடம் அவர்தம் நரம்புறையாகிய மயலினையே தாக்கியது. 1933இல் தாமஸ் ரிவர்சும் உடனாய்வாளரும் நோயற்ற முயலின் மூளைச்சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தி இத்தகைய அழற்சியை உண்டாக்கினர். குற்றம் நச்சுயிரியினது மட்டுமன்று, திசுவினதும் ஆகும் என்பது இதனால் புலனாயிற்று.

இனங்காணல்

ஊசி இடப்பெற்றவர்க்குக் காய்ச்சலும் கால் வலுவிழப்பும் தோன்றின், அது வெறிநோயா, ஊசியால் விளைந்த அழற்சியா என்னும் வினா எழும். முன்னது ஏறத்தாழ உறுதியான இறப்பு. பின்னது ஸ்டீராய்டு மருந்தால் தணியக்கூடியது. நீரச்சம் இருப்பின் விடை எளிது. வாத வகை வெறிநோயில் அக்குறி வெளிப்படாதிருத்தலும் உண்டாகையால் மயக்கம் நேரும். ஊசி தொடங்கி ஏறத்தாழ இரு வாரங்களுள் குறிகள் தோன்றுதல் அழற்சிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. எனவே கடிபட்ட நாளும் ஊசியிட்ட நாளும் நோயாளியின் வாய்மொழியால் தெளிவாக அறியப்பட வேண்டியிருந்தன. 1951இல் தொடங்கிய திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும், 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முதன்மை நிறுவனமான ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் இவ்வூர்களிலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 கி.மீ. தொலைவில் அமைந்தன. பின்னாளில் வந்த காந்த அதிர்வுப் படம், மூளையின் வெண்பொருளில் சிதறிய அழற்சித் திட்டுகளைக் கண்ணுக்குக் காட்டி ஐயத்தைப் பெரிதும் நீக்கியது.

முடிவுரை

2004 டிசம்பரில் இந்தியா நரம்புத்திசுத் தடுப்பூசி ஆக்கத்தை நிறுத்தியது. இன்றைய தடுப்பூசி உயிரணு வளர்ப்பில் உருவாவது. மூளைத்திசு அதில் இல்லை. இடுமிடம் வயிறும் அன்று. மருந்து மாறியும் பழைய அச்சம் சொல்வழக்கில் எஞ்சுமாயின், கடிபட்டவர் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவர். அத்தயக்கம் உயிரைப் பறிக்கும். மாறிய மருந்தின் வரலாற்றை இரு மொழியிலும் மக்கட்கு உணர்த்துதல் இன்றியமையாதது எனலாம்.